போகுமிடம் எழுதிய பெட்டிகள்: கமிகட்சு ஊரும் யாரும் வாங்காத பொருள்களும்

பழைய செய்தித்தாளை எந்த ஊரிலும் யாராவது எடுத்துக்கொள்வார்கள். பித்தளைக் குழாய், அலுமினியப் பாத்திரம், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரு தராசும் கொஞ்சம் காசும் காத்திருக்கின்றன. காயலான் கடைக்காரர் தலையசைத்து வாங்கிப்போடும் எதையும் குப்பை என்று சொல்வது சரியல்ல. அவர் கையை விரிக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. நுரைமெத்தை, உடைந்த முகக்கண்ணாடி, எரிந்து கருத்த டியூப் லைட், கொஞ்சம் வாயு மிச்சமிருக்கும் லைட்டர், பலமுறை பொரித்துக் கறுத்த எண்ணெய், தோலும் ரப்பரும் பசையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட செருப்பு, டயப்பர். இவை பரணில் ஏறிப் பல ஆண்டுகள் கிடக்கும். அல்லது இருட்டிய பிறகு தெருமுனைக்குப் போகும்.

இந்தப் பட்டியலை ஒரு சிறிய ஊர் ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கப் பார்த்த கதை இது. ஜப்பானில் உள்ள கமிகட்சுவைப் பற்றி 'குப்பையே இல்லாத ஊர்' என்று உலகமெங்கும் எழுதப்படுகிறது. அது உண்மையில்லை. ஊரில் சேரும் கழிவில் ஐந்தில் நான்கு பங்கு மறுசுழற்சிக்குப் போகிறது, ஒரு பங்கு இன்றும் எரிக்கவோ புதைக்கவோ வெளியூருக்குப் போகிறது. பாராட்டுக் கட்டுரைகள் முதல் நான்கு பங்கோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அந்த ஐந்தாவது பங்குதான் முக்கியமாகப் படுகிறது.

வேறு வழியில்லாத ஊர்

ஷிகோகு தீவின் தொகுஷிமா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது கமிகட்சு. பரப்பு 110 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அதில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு காடு. மக்கள்தொகை 1,500க்கும் குறைவு, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. பாதிக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். இவர்கள் ஓரிடத்தில் கூடி வாழவில்லை. 55 சிற்றூர்களாக மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். 1981இல் அடித்த கடும் குளிரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகிய பிறகு, உணவகங்களில் தட்டை அலங்கரிக்கும் இலைகளைப் பறித்து விற்றுப் பிழைப்பைத் தேடிக்கொண்ட ஊர் என்ற பெயரும் இதற்கு உண்டு. அது தனிக்கதை.

1990களின் நடுப்பகுதி வரை இங்கே குப்பையைக் கையாண்ட விதம் எந்த மலைக்கிராமத்திலும் காணக்கூடியதுதான். ஹிபிகதானி என்ற இடத்தில் ஒரு திறந்த பள்ளம். எல்லாரும் கொண்டுவந்து கொட்டினார்கள், தீ வைத்தார்கள். மெத்தை, டயர், தொலைக்காட்சிப் பெட்டி எதுவானாலும் அதே பள்ளம்தான். மாகாண அரசு நெருக்கியது. 1998இல் ஊர் நிர்வாகம் இரண்டு சிறிய எரி உலைகளை வாங்கி நிறுவியது.

அப்போது ஜப்பான் முழுவதும் டையாக்சின் அச்சம் பரவியிருந்தது. எரி உலைகளின் புகையில் அந்த நச்சு வெளியேறுவது குறித்து ஊடகங்கள் தொடர்ந்து எழுதின. 1999இல் டையாக்சினைக் கட்டுப்படுத்தும் சிறப்புச் சட்டம் நிறைவேறி, 2000 ஜனவரியில் அமலுக்கு வந்தது. கமிகட்சுவின் சின்ன உலைகளால் புதிய அளவுகோலுக்குள் நிற்க முடியவில்லை. வாங்கி மூன்று ஆண்டுகூட நிறையாத நிலையில், 2001 தொடக்கத்தோடு அவற்றை மூட வேண்டியதாயிற்று. சட்டத்துக்கு உட்பட்ட பெரிய உலை கட்ட ஊரிடம் பணமில்லை. வெளியூர் உலைக்கு அனுப்பலாம்தான். ஆனால் மலையிலிருந்து லாரியில் இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு கொடுத்தாக வேண்டும்.

கமிகட்சு இயற்கை மீது கொண்ட காதலால் தொடங்கவில்லை. கையில் காசில்லை, உலையில்லை, பள்ளத்தில் எரிக்கவும் அனுமதியில்லை. லாரியில் ஏறும் எடையைக் குறைத்தால் மட்டுமே வரவுசெலவுக் கணக்கு நிற்கும். 1997இல் 9 வகையாகவும் 1998இல் 22 வகையாகவும் பிரித்துவந்தவர்கள், அதனால்தான் உலை மூடிய 2001இல் 35 வகையாகப் பிரித்தார்கள். 2016இலிருந்து 45 வகை. எண்ணிக்கை பின்னர் ஓரிரண்டு கூடிக் குறைந்தாலும் அடிப்படை அதேதான்.

கொள்கை அறிவிப்பு வந்தது பிறகுதான். 2003 கோடையில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் பால் கானெட் அங்கே வந்தார். எரி உலைகளுக்கு எதிராக உலகைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய தூண்டுதலோடு அந்த ஆண்டு செப்டம்பரில், கசமட்சு கசுயிச்சி மேயராக இருந்தபோது, 2020க்குள் எரிப்பதையும் புதைப்பதையும் முற்றாக நிறுத்துவோம் என்று ஊர் அறிவித்தது. ஜப்பானில் அப்படி அறிவித்த முதல் ஊர் இதுதான். வேலை முதலில், முழக்கம் அதன் பின்னால். முழக்கத்தை முதலில் எழுப்பிவிட்டு வேலையைப் பிறகு தேடும் ஊர்கள் பல. அங்கெல்லாம் பலகைகள்தான் மிஞ்சுகின்றன.

ஈரத்தை வீட்டிலேயே நிறுத்தியது

கமிகட்சுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 45 பெட்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். அவற்றுக்கு அடித்தளமான இன்னொரு முடிவு கண்ணில் படுவதில்லை. ஊர் நிர்வாகம் சமையலறைக் கழிவை வாங்குவதே இல்லை. ஒரு கிலோகூட. 1990களின் தொடக்கத்திலிருந்தே வீட்டு உரத்தொட்டிக்கு மானியம் கொடுத்தார்கள். 1995இல் மின்சாரத்தில் இயங்கும் உரம் தயாரிக்கும் கருவிக்கும் மானியம் வந்தது. கருவியின் விலையில் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது 10,000 யென். மீதியை நிர்வாகம் ஏற்றது. தோட்டம் உள்ளவர்கள் தொட்டி வைத்தார்கள், இல்லாதவர்கள் கருவி வாங்கினார்கள்.

வீட்டுக் குப்பையில் அழுகுவதும் நாறுவதும் சமையல் கழிவுதான். அது கலந்துவிட்டால் மற்றதெல்லாம் கெட்டுவிடும், இரண்டாம் நாளே வீட்டைவிட்டு வெளியேற்றத் தோன்றும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது உலர்ந்த பொருள். வாரக்கணக்கில் வீட்டு மூலையில் கிடந்தாலும் தொல்லையில்லை, சாவகாசமாகப் பிரிக்கலாம். தினமும் வண்டி வந்து எடுக்க வேண்டிய அவசியமும் அதோடு போய்விடுகிறது. கமிகட்சுவில் குப்பை வண்டி கிடையாது. ஹிபிகதானியில் உள்ள குப்பை சேகரிப்பு நிலையத்துக்கு மக்களே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். காலை 7.30 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, புத்தாண்டு விடுமுறை தவிர எல்லா நாளும் நிலையம் திறந்திருக்கும். காரில்லாத முதியவர்கள் பதிவு செய்துகொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து எடுத்துப்போகிறார். இரண்டு மாதம் வீட்டில் வைத்திருக்க முடிகிறது என்றால், ஈரக் கழிவை அன்றே உரமாக்கிவிட்டதுதான் காரணம்.

ஈரக்குப்பை, உலர்குப்பை என்று இரண்டு வாளி கொடுத்துவிட்டு, ஈரத்தையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோகும் திட்டங்களை நாம் நன்றாகவே அறிவோம். அங்கே டியூப் லைட்டுக்கும் பேட்டரிக்கும் தனிப்பெட்டி வைத்தால் அது அலங்காரமாகத்தான் நிற்கும்.

பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது

நிலையத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே ஒரு பலகை உண்டு. இது எங்கே போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்கு வரவா செலவா, கிலோவுக்கு எத்தனை யென் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அலுமினிய டப்பாவைப் போடுகிறவர் ஊருக்கு வருமானம் தருகிறார். பக்கத்துப் பெட்டியில் வேறொன்றைப் போடும்போது தன் வரிப்பணத்திலிருந்து எவ்வளவு போகிறது என்பதை அதே நொடியில் படிக்கிறார். பொதுவாக இந்தக் கணக்கு நகராட்சிக் கோப்புகளில் உறங்கும். இங்கே அதைச் செலவு செய்கிறவரின் கண்ணெதிரே மாட்டிவிட்டார்கள்.

பிரிப்பின் நுணுக்கம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. காகிதத்தில் மட்டும் ஒன்பது வகை இருப்பதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் பால் அடைத்து வரும் அட்டைப்பெட்டியின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் நல்ல காகிதக்கூழ் கிடைக்கும், வெள்ளித் தாள் ஒட்டியிருந்தால் கிடைக்காது. இரண்டையும் கலந்தால் விலை இரண்டாவதன் அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடிப் புட்டியும் அப்படித்தான். நிறமற்றது, பழுப்பு, மற்ற நிறங்கள் என்று பிரிந்தால் உருக்கலாம். சாக்கே என்ற அரிசி மது வரும் 1.8 லிட்டர் புட்டியை உருக்கவே வேண்டாம், கழுவி நிரப்பலாம் என்பதால் அதற்கு வேறு இடம். வாங்குகிறவன் எந்தத் தூய்மையில் கேட்கிறானோ அந்தத் தூய்மையில் பிரிக்கிறார்கள். 45 என்ற எண் எந்தக் குழுவும் உட்கார்ந்து தீர்மானித்ததல்ல. எத்தனை விதமாக வாங்க ஆள் கிடைத்தார்களோ அத்தனை பெட்டிகள்.

இனி நம் பட்டியலுக்கு வருவோம்.

டியூப் லைட், மின்கலம், பழைய பாதரச வெப்பமானி ஆகியவை எடையில் அற்பம், விளைவிக்கும் கேடு பெரிது. சாதாரணக் குப்பையோடு உடைந்தால் பாதரசம் வெளியேறும். பாதரசக் கழிவைப் பக்குவப்படுத்தும் ஆலை ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவில், இத்தோமுக்கா என்ற இடத்தில் இருக்கிறது. முன்பு அங்கே பாதரசச் சுரங்கம் இருந்தது. மண்ணிலிருந்து பாதரசத்தைப் பிரித்த அதே கைத்திறனை இப்போது விளக்குகளிடமும் பேட்டரிகளிடமும் காட்டுகிறார்கள். இத்தகைய பொருளில் எந்த ஊரும் லாபம் பார்க்க முடியாது. பலகையில் 'செலவு' என்றுதான் இருக்கும். உடையாமல் ஒரே இடத்தில் சேர்த்துவைக்க ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான ஊர்களில் அந்தக் கூரைதான் இல்லை.

லைட்டரும் ஸ்பிரே டப்பாவும் வேறு விதம். மிச்ச வாயுவோடு அவை அழுத்தப்படும்போது குப்பை வண்டியே பற்றி எரியும். லித்தியம் பேட்டரி பரவிய பிறகு ஜப்பானின் கழிவு ஆலைகளில் தீ விபத்துகள் இன்னும் பெரிய தலைவலியாகிவிட்டன. அழுத்தும் வண்டியே இல்லாத கமிகட்சுவில் இந்த ஆபத்தில் பாதி வரும் வழியே அடைபட்டுவிட்டது. பொரித்த எண்ணெய்க்குத் தனிக்கொள்கலம். அது எரிபொருளாகவோ சோப்பாகவோ மாறப் போகிறது. மரத்தில் செய்த சாப்பாட்டுக் குச்சிகள்கூட வீணாவதில்லை. சேர்த்துக் காகிதக்கூழுக்கு அனுப்புகிறார்கள்.

படுக்கை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜப்பானியர் தரையில் விரித்துப் படுக்கும் ஃபுத்தோன் மெத்தை அந்த நாளில் முழுப்பஞ்சு. பல ஆண்டு படுத்துக் கட்டிதட்டிப் போனால் பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து, அடித்து, புதுத் துணியில் அடைத்து வாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் இலவம்பஞ்சு மெத்தைக்கு நடந்ததும் இதுதான். வில்லோடு தெருவில் வந்தவரை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நாளில் மெத்தையை எங்கே போடுவது என்ற கேள்வியே எழவில்லை. பாலியெஸ்டரும் நுரையும் சுருள்கம்பியும் ஒரே உறைக்குள் தைக்கப்பட்ட பிறகுதான் மெத்தை கழிவாயிற்று. அடித்துப் புதுப்பிக்கும் தொழில் இரண்டு நாட்டிலும் அதோடு மெலிந்துவிட்டது. கமிகட்சுவில் ஃபுத்தோன், கம்பளி, தரைவிரிப்புக்கு ஓரிடம் உண்டு, மரச்சாமானுக்கு ஓரிடம், பெரிய உலோகப் பொருளுக்கு ஓரிடம். பிரிக்க முடிந்ததைப் பிரித்துக் கொண்டுவந்தால் உலோகம் உலோகத்தோடும் மரம் மரத்தோடும் போகும். பிரிக்கவே முடியாதபடி தயாரிக்கப்பட்டதற்கு அங்கேயும் விமோசனம் இல்லை.

இன்னும் உயிருள்ள பொருள்கள்

மறுசுழற்சியைப் பற்றிப் பேசும்போது மறுபயன்பாடு எப்போதும் ஓரமாகத்தான் உட்கார வைக்கப்படுகிறது. கமிகட்சுவில் அதற்கு நிலையத்தின் உள்ளேயே இடம் கொடுத்தார்கள். 2006இல் தொடங்கிய குருகுரு கடைக்குப் பணப்பெட்டி கிடையாது. ஊர்க்காரர்கள் மட்டுமே பொருளைக் கொண்டுவந்து வைக்கலாம். எடுத்துப்போக யாருக்கும் உரிமையுண்டு. வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களும் எடுக்கலாம். எடுப்பவர் பொருளை எடைபோட்டுக் குறித்துவைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த ஏற்பாட்டில் ஒரு கூர்மை இருக்கிறது. வெளியூர்க்காரர் கொண்டுவந்து வைக்கலாம் என்றிருந்தால் ஒரே மாதத்தில் அது அக்கம்பக்கத்து ஊர்களின் பரணாக மாறியிருக்கும். எடுப்பதைத் திறந்துவிட்டதால், 1,500 பேர் கொண்ட ஊரில் ஒருவரும் விரும்பாத தேநீர்க் கோப்பைக்கும் எங்கிருந்தோ வந்த ஒருவர் கிடைத்துவிடுகிறார். ஊர் கிழடாகிவருவதும் இதில் கலந்திருக்கிறது. ஒரு மூதாட்டி இறந்து வீடு பூட்டப்படும்போது, நகரத்தில் இருக்கும் பிள்ளைகள் வந்து அலமாரியைத் திறந்தால் அடுக்கடுக்காகப் பீங்கான், கிமோனோ, படுக்கை. ஜப்பானின் எல்லா மலையூர்களிலும் இதுதான் நிலைமை. பெரும்பாலான இடங்களில் வீட்டைக் காலிசெய்யும் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து எல்லாவற்றையும் அள்ளச் சொல்கிறார்கள்.

கடைக்குப் பங்காளியாக ஒரு தையல்கூடமும் இயங்குகிறது. பழைய கிமோனோக்களையும், ஆண்பிள்ளைகளுக்கான மே மாதத் திருநாளில் பறக்கவிடும் கெண்டை மீன் கொடிகளையும் ஊரின் மூத்த பெண்கள் பைகளாகவும் மேலங்கிகளாகவும் தைத்து விற்கிறார்கள். கொடியின் துணி பெரியது, நிறம் அழுத்தமானது, ஆண்டில் சில வாரங்களே வெயில் கண்டது. மறுபடி தைக்க இதைவிட நல்ல துணி கிடைப்பது கஷ்டம். பிள்ளைகள் வளர்ந்துபோன வீடுகளில் அது பெட்டிக்குள் சும்மாக் கிடக்கிறது. கழிவு மேலாண்மை என்ற பெயரில் தொடங்கியது, தையல் தெரிந்த முதியவர்களுக்குக் கொஞ்சம் வருமானமாகவும் கூடிப் பேச ஓர் இடமாகவும் ஆகிவிட்டது.

2020இல் நிலையத்தையே புதிதாகக் கட்டினார்கள். கட்டடக் கலைஞர் நகமுரா ஹிரோஷி. மேலேயிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். உள்ளூர் தேவதாரு மரத்தோடு, மக்கள் கொடுத்த சுமார் 700 பழைய சன்னல்களும் கதவுகளும் அதன் சுவர்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாத சன்னல்களை வைத்து முகப்பு அமைப்பதில் வேலை அதிகம், செலவும் குறைந்திருக்காது. விளம்பரத்துக்காகச் செய்தது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். கூடவே ஒரு விடுதியும் இருக்கிறது. தங்குபவர் தனக்கு வேண்டிய அளவுக்கே சோப்பை வெட்டிக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது தன் குப்பையைத் தானே பிரித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். குப்பை பிரிக்கக் காசு கொடுத்து ஆள் வருவதைக் கிண்டல் செய்யலாம். ஆனால் மக்கள்தொகை சுருங்கும் ஊருக்கு அந்தக் காசு தேவைப்படுகிறது.

யார் கழுவுவது

பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைக்க வேண்டும். புட்டியின் மூடியைக் கழற்றி, மேலே சுற்றிய தாளை உரிக்க வேண்டும். பிறகு காரில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். இந்த வேலைக்கு யாரும் கூலி தருவதில்லை. தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. அதிகாரிகள் சிற்றூர் சிற்றூராகப் போய்க் கூட்டம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் தாங்களாகவே குழு சேர்ந்து, வண்டியில்லாதவர்களின் குப்பையை ஏற்றிப்போனார்கள். 2005இல் இதற்கென்றே ஒரு லாபநோக்கற்ற அமைப்பு உருவாகி, நிலையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது. அதைப் பின்னாளில் வழிநடத்திய சகனோ அகிரா, 2019 டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டின் இணைத்தலைவர்களில் ஒருவராக அமர்ந்தார்.

புகழ் ஒரு பக்கம் இருக்கட்டும். பிரிக்கும் வேலையின் பெரும்பகுதி வீட்டுக்குள், பெரும்பாலும் பெண்களின் கையில், கணக்கில் வராமல் நடக்கிறது. ஊரின் செலவு குறைந்தது என்று சொல்லும்போது இந்த உழைப்பின் விலையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. சில வகைக் காகிதங்களையும் பிறவற்றையும் ஒழுங்காகப் பிரித்துத் தருபவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, அவற்றுக்கு ஈடாகப் பொருள்கள் வழங்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. சின்னச் சமாதானம்தான்.

ஊர் சிறியது என்பதால் மட்டுமே இது நடந்தது என்பது வழக்கமாகக் கேட்கும் மறுப்பு. அதை ஒரே அடியில் தள்ளிவிட முடியாது. நிலைய ஊழியருக்கு வருகிறவரின் முகம் தெரியும். தவறான பெட்டியில் போட்டால் கையைப் பிடித்துத் திருத்துவார். ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் அதற்கு வழியில்லை. ஆனால் ககோஷிமா மாகாணத்தில் சுமார் 12,000 பேர் வாழும் ஒசாகி என்ற ஊரையும் பார்க்க வேண்டும். அங்கும் எரி உலை இல்லை. பக்கத்து ஷிபுஷி நகரத்தோடு பகிர்ந்துகொண்ட புதைகுழி வேகமாக நிரம்பிவந்ததால், 1998 முதல் பிரிக்கத் தொடங்கினார்கள். 27 வகை. 80 விழுக்காட்டுக்கு மேல் மறுசுழற்சி. ஜப்பானின் சராசரி 20 விழுக்காட்டை ஒட்டியே பல ஆண்டுகளாக நிற்கும்போது, ஒசாகி தொடர்ந்து நாட்டின் முதலிடத்தில் இருந்தது. கமிகட்சுவைவிட எட்டு மடங்கு பெரிய ஊர். அங்கே குடியிருப்புகளின் சேகரிப்பு இடங்களிலிருந்து வண்டி வந்து எடுத்துப்போவதும் உண்டு. ஆக, அளவு ஒரு தடைதான், ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் அந்தத் தடை தொடங்கவில்லை.

ஐந்தாவது பங்கு

2020 வந்தது. பூச்சியம் வரவில்லை. 80 விழுக்காட்டை ஒட்டி மறுசுழற்சி நின்றுவிட்டது. நிலையத்தில் மீதமிருந்த இரண்டு பெட்டிகளின் பெயரே ஊரின் மனநிலையைச் சொல்லிவிடும்: 'எப்படியும் எரித்தே ஆக வேண்டியவை', 'எப்படியும் புதைத்தே ஆக வேண்டியவை'.

இப்படி எரிக்கவோ புதைக்கவோ போகிறவற்றில் டயப்பர், மாதவிடாய்ப் பட்டைகள், தோலும் ரப்பரும் சேர்ந்த காலணிகள், பிவிசி பொருள்கள், இரண்டு மூன்று பொருள்களை உருக்கி ஒட்டிய சாமான்கள் எல்லாம் கிடக்கின்றன. பிவிசி மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்ந்தால் மறுசுழற்சியைக் கெடுக்கும், எரித்தால் குளோரின் சேர்மங்கள் வெளிவரும். டயப்பரில் காகிதக்கூழ், பிளாஸ்டிக், நீரை உறிஞ்சும் பாலிமர், மனிதக் கழிவு நான்கும் கலந்திருக்கின்றன. புதிதாகப் பிறக்கும் குழந்தைகளின் வீட்டுக்குத் துணி டயப்பர் தொகுப்பைப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தது கமிகட்சு நிர்வாகம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஊரில் ஆண்டுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன? டயப்பரின் பெரும்பகுதி படுக்கையில் இருக்கும் முதியவர்களுடையது. எண்பது வயது மருமகள் நூறு வயது மாமியாருக்குத் துணி மாற்றித் துவைக்க வேண்டும் என்று எந்தக் கொள்கையும் கேட்க முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் இந்த மக்கள் செய்து முடித்துவிட்டார்கள். இருபது ஆண்டு கழுவினார்கள், பிரித்தார்கள், சுமந்தார்கள். அதற்குப் பிறகும் பெட்டியில் கிடப்பது அவர்களுடைய சோம்பலின் கணக்கில் வராது. அது பொருளைச் செய்தவரின் வரைபடத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. இதை அனுமானமாக யாரும் சொல்லலாம். இருபது ஆண்டுச் சோதனை நடத்தி, ஆதாரமாக ஒரு பெட்டியைத் திறந்து காட்டும் ஊர் கமிகட்சு.

செய்தவர் வந்து கைகொடுத்த இடங்களில் பெட்டி காலியாகத் தொடங்கியதையும் பார்க்கலாம். டயப்பர் தயாரிக்கும் யூனிசார்ம் நிறுவனம் 2016இல் ஷிபுஷியோடு சேர்ந்து, பயன்படுத்திய டயப்பரைக் கழுவிப் பிரித்து, கூழை ஓசோனால் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முயற்சியைத் தொடங்கியது. 2018இல் ஒசாகியும் சேர்ந்தது. வீடுகளில் டயப்பரைத் தனியே போட மக்கள் தயாராக இருந்தார்கள், ஏனென்றால் 1998 முதல் பிரித்துப் பழகிய கை அது. ஆனால் ஆலையும் தொழில்நுட்பமும் ஊர் நிர்வாகத்தால் கொண்டுவர முடிந்தவை அல்ல. கமிகட்சுவிலும் காவோ நிறுவனம் ஷாம்பு, சோப்புத்திரவம் நிரப்பி வரும் மறுநிரப்புப் பைகளைச் சேகரித்து விளையாட்டுக் கட்டைகளாக மாற்றிக் காட்டியது. பல அடுக்குப் படலத்தில் செய்த அந்தப் பைகள் மறுசுழற்சிக்கு மிகக் கடினமானவை. ஒரு பையிலிருந்து மறுபடி பை செய்வது அதைவிடக் கடினம். கட்டை செய்ததை வைத்து வேலை முடிந்தது என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

காசை எப்போது வாங்குவது

தயாரிப்பாளர் தானாக முன்வருவதை நம்பியிருக்க முடியாது என்பதால் சட்டம் வருகிறது. ஜப்பான் இதில் இரண்டு வழிகளையும் சோதித்துவிட்டது. 1998இல் நிறைவேறி 2001 ஏப்ரலில் அமலான வீட்டு மின்சாதன மறுசுழற்சிச் சட்டத்தின்படி தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், குளிர்சாதனம் ஆகியவற்றைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வேண்டும். ஆனால் கட்டணத்தைப் பொருளைக் கழிக்கும் நாளில் வீட்டுக்காரர் கட்ட வேண்டும். பழுதான பெட்டியோடு நிற்பவரிடம் போய்ச் சில ஆயிரம் யென் கேட்டால் என்ன நடக்கும்? மலைப்பாதை ஓரங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் முளைத்தன.

கணினிக்கு அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 2003 அக்டோபரிலிருந்து வீட்டுக் கணினியை வாங்கும்போதே விலைக்குள் மறுசுழற்சிக் கட்டணம் அடக்கம். அதற்கு அடையாளமாகக் கணினியில் ஒரு முத்திரை ஒட்டியிருக்கும். கழிக்கும் நாளில் காசு கேட்பதில்லை, அஞ்சலில் அனுப்பிவிடலாம். 2005இல் கார்களுக்கும் முன்கட்டணம் வந்தது. வாங்குகிற மகிழ்ச்சியில் இருப்பவருக்கு அந்தத் தொகை உறைக்காது.

பிளாஸ்டிக்குக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 1995இல் இயற்றப்பட்ட பொதிவுச் சட்டம், பொருளைச் சுற்றிய உறைக்கு மட்டும் தயாரிப்பாளரைப் பணம் கட்ட வைத்தது. சேகரித்துப் பிரிக்கும் பெருஞ்செலவை உள்ளாட்சியின் தலையிலேயே விட்டது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த மிட்டாய் உறை சட்டத்துக்குள், வாளி சட்டத்துக்கு வெளியே. வீட்டில் நின்று பிரிப்பவருக்கு இதற்கு என்ன காரணம் சொல்வது? 2022 ஏப்ரலில் அமலான பிளாஸ்டிக் வளச் சட்டம் வந்த பிறகே, வாளியையும் உறையையும் சேர்த்துச் சேகரிக்க ஊர்களுக்கு வழி திறந்தது.

கமிகட்சு 2020 டிசம்பரில் புதிய அறிவிப்பு வெளியிட்டது. 2030ஐ நோக்கிய அதில், எரிப்பது பூச்சியம் என்ற பழைய எண்ணுக்குப் பதிலாக மனிதர்களை உருவாக்குவது, கற்றதைப் பிறருக்குக் கொடுப்பது, கழிவைக் கூடியவரை குறைப்பது என்ற சொற்கள் வந்துள்ளன. பின்வாங்கல் என்று சிலர் இதைச் சொல்லக்கூடும். தன் கைக்கு எட்டாத எண்ணைத் தன் பெயரில் மீண்டும் எழுதிவைக்க மறுத்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். துணிக்கும் காலணிக்கும் தயாரிப்பாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று பிரான்ஸ் 2007இலேயே சட்டம் செய்தது. ஜப்பானில் காலணிக்கோ மெத்தைக்கோ அப்படியொரு சட்டம் இல்லை. அது வரும்வரை கமிகட்சுவின் தேய்ந்த செருப்புகள் எரிக்க வேண்டியவை என்று எழுதிய பெட்டியிலேயே விழும். அவற்றை லாரியில் ஏற்றி அனுப்பும் செலவை ஊரே கட்டும்.